குட்டையில் மீன் சாகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், எனக்கு இரண்டு பண்ணைக்குட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் கட்லா, ரோகு, மிர்கால். இன்னொன்றில் கிஃப்ட் ஜிலேபி, அதாவது திலேப்பியா மீனின் மேம்படுத்திய ரகம். பல வருடமாக இதிலேயே கிடப்பதால், சுற்றுவட்டாரத்தில் யார் குட்டையில் மீன் மிதந்தாலும் எனக்கு ஒரு போன் வரும். எடுத்ததும் கேட்கும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, வைரஸ் வந்துட்டு."

போய்ப் பார்த்தால் பல நேரம் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும், அல்லது மீன் பேன் இருக்கும். சில நேரம் மட்டும் உண்மையிலேயே வைரஸ். அதிலும் ஆய்வகத்தின் பட்டியலில் இல்லாத புது வைரஸாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வேலை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, நம் கரையில்தான் தொடங்குகிறது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் கீழே படிப்பதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். உயிரோடு தள்ளாடுகிற பத்து மீனைப் பிடித்து, குட்டைத் தண்ணீரோடு தனித் தொட்டியில் விட்டு வையுங்கள்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு ஆனி மாதம் விட்ட 5,000 ஜிலேபிக் குஞ்சு மூன்றாவது வாரத்தில் சாகத் தொடங்கியது. காலையில் மிதந்ததை அள்ளி ஒரு சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேரும்போது வயிறு வெடித்துவிட்டது. "செத்த பிறகு வளரும் பாக்டீரியாதான் இதில் கிடைக்கும், வேறு எதையும் தேட முடியாது. தள்ளாடுகிற மீன் இருந்தால் ஐஸில் வைத்துக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். நான் திரும்பி வருவதற்குள் குட்டையில் தள்ளாடவும் மீன் இல்லை. அந்த 5,000 எதனால் செத்தது என்பதற்கு இனி விடையே கிடைக்காது. அது இன்னும் மனதை அறுக்கிறது.

விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். விடியும்போது திணறி, வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் கீழே இறங்கினால் அது ஆக்ஸிஜன் குறைவு. பெரிய மீன்கள் முதலில் சாகும். முந்தின நாள் மேகமூட்டமாக இருந்திருக்கும், அல்லது தண்ணீர் கெட்டிப் பச்சையாக இருக்கும். சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் சந்தேகமே இல்லை. மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரைத் தூக்கி மேலிருந்து விழவிடுங்கள். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். செலவு டீசலோடு போய்விடும்.

வெயில் ஏறியும் திணறல் நிற்காவிட்டால், மத்தியானம் அமோனியாவும் பி.எச்.சும் (தண்ணீரின் அமில, கார அளவு) பாருங்கள். பி.எச். ஏற ஏற அதே அளவு அமோனியா கூடுதல் விஷமாகும், மத்தியானம்தான் பி.எச். உச்சத்தில் இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கிறதா? நைட்ரைட் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் தண்ணீர் மாற்றுவதுதான் முதல் வழி.

மூன்றாவது, வயலிலிருந்து வரும் பூச்சிமருந்து. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் மருந்து அடிக்கும் நாட்களில் வடிகால் தண்ணீர் குட்டைக்குள் இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. வைரஸ் ஆள் பார்த்துத்தான் அடிக்கும். ஜிலேபியைக் கொல்கிறது கட்லாவை விட்டுவைக்கும். மருந்து அப்படிப் பார்க்காது. கட்லா, ஜிலேபி, தவளைக்குஞ்சு, நத்தை, கூனி எல்லாம் ஒரே நாளில் செத்தால் வைரஸைத் தேடி நேரம் கடத்த வேண்டாம். சுத்தமான பாட்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

உடம்பில் சிவப்புத் திட்டு, புண், செதில் உதிர்கிறது

ஒரு மீனைப் பிடித்துத் துடுப்பின் அடியில் பாருங்கள். தட்டையாக, வட்டமாக, கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டு ஊர்ந்தால் அது மீன் பேன். ரோகுக்குத்தான் அதிகம் வரும். மீன் கரையில் உரசும், துள்ளும். பேன் கடித்த இடம் சிவந்து புண்ணாகும். வெறும் கண்ணுக்குத் தெரிவதால் இதற்கு ஆய்வகம் வேண்டாம்.

பேன் இல்லை, ஆனால் நாலு நாள் முன்பு வலை போட்டீர்கள் என்றால் அது வலைக்காயத்தில் பாக்டீரியா ஏறியது. வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நின்றாலும் பெரும்பாலும் பாக்டீரியாதான். தண்ணீரைச் சரி செய்து, தீவனத்தைக் குறைத்து, ஒரு வாரம் பாருங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை, தண்ணீர் குளிரும் காலத்தில், விராலிலும் மிர்காலிலும் ஆழமான குழிப்புண் வந்தால் அது கொள்ளைப் புண் நோய். இந்தியாவுக்குள் 1988 வாக்கில் வந்தது. அதற்கு முன் தென்கிழக்கு ஆசியாவில் அது பரவியபோது புண் மீன்களிலிருந்து வைரஸ்களைப் பிரித்தெடுத்தார்கள், அவைதான் காரணமோ என்ற சந்தேகமும் இருந்தது. கடைசியில் அஃபனோமைசஸ் என்ற நீர்ப்பூஞ்சைதான் காரணம் என்று உறுதியானது. நோயுற்ற மீனில் ஒரு வைரஸ் இருப்பது ஒரு விஷயம், அந்த வைரஸ்தான் மீனைக் கொல்கிறது என்பது வேறு விஷயம். ரிப்போர்ட் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். புண் நோய்க்குச் சுண்ணாம்பு ஏக்கருக்கு 80 கிலோ வரை போடலாம். பி.எச். ஏற்கெனவே 8.5-ஐத் தாண்டியிருந்தால் போடாதீர்கள்.

கொடுவா வளர்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. செதில் கொத்தாக உதிர்ந்து, தோல் வெறுமையாகி, தினமும் சாவு இருந்தால் காத்திருக்க வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொடுவாவைத் தாக்கிய செதில் உதிர் நோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று தெரிந்திருக்கிறது. நேராகக் கீழே மாதிரி எடுப்பது பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

சுற்றிச் சுற்றி நீந்துகிறது, கண் பிதுங்குகிறது

ஜிலேபியில் சித்திரை, வைகாசி வெயிலில் இது வந்தால் முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது வளர்ந்த மீனை அதிகம் பிடிக்கும். மூளையிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தீவனத்தைக் குறையுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள். எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்த பிறகே ஆன்டிபயாட்டிக். அதை ஆய்வகம் சொல்ல வேண்டும், மருந்துக்கடை சொல்லக் கூடாது. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃப்யூரானும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வைரஸ் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காது என்பதால் அந்தப் பணம் இரட்டை நஷ்டம்.

கண் பிதுங்குவதோடு கண்ணில் வெண்படலம் விழுந்து, உடம்பு கறுத்து, தீனி எடுக்காமல், சின்ன மீன்களும் சேர்ந்து செத்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். பாக்டீரியாவும் வைரஸும் ஒரே மீனில் சேர்ந்தே இருக்கலாம். அதனால் பாக்டீரியா கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடக் கூடாது.

கொடுவாக் குஞ்சு, அதுவும் பிறந்து ஒரு மாதத்துக்குள், கறுத்துப்போய்த் திருகித் திருகி நீந்தி வயிறு மேலாக மிதந்தால் அது மூளையையும் கண்ணையும் தாக்கும் நோடா வைரஸாக இருக்கலாம். மருந்து கிடையாது. குஞ்சு கொடுத்தவருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். அவர் தொட்டியில் இன்னும் குஞ்சு இருக்கும்.

குஞ்சு விட்டு ஒரு மாதத்துக்குள் தினமும் சாகிறது

எனக்கு அதிகம் வருவதும், நான் அதிகம் பயப்படுவதும் இதுதான்.

முதலில் நோட்டை எடுங்கள். தினமும் எத்தனை செத்தது என்று எழுதியிருந்தால் பாதிக் காரணம் அதிலேயே தெரியும். விட்ட முதல் நாள் நூறு, மறுநாள் ஐம்பது, நாலாம் நாள் பத்து என்று குறைந்துகொண்டே வந்தால் அது வண்டியில் வந்த அலுப்பு. பையை மிதக்கவிட்டுத் தண்ணீர்ச் சூட்டைச் சமப்படுத்தாமல் கொட்டினாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே நாளில் கொத்தாகச் செத்து மறுநாள் நின்றால் ஆக்ஸிஜன் அல்லது மருந்து. முதல் வாரம் ஒன்றுமில்லை, அப்புறம் ஐந்து, பன்னிரண்டு, முப்பது, எழுபது என்று ஏறினால் தொற்று. எழுதாவிட்டால் இன்றிலிருந்தாவது எழுதத் தொடங்குங்கள்.

அடுத்தது போன். உங்களோடு ஒரே வண்டியில் குஞ்சு இறக்கியவர்கள் யார்? அவர்கள் குட்டையில் எப்படி? தண்ணீர் வேறு, ஊர் வேறு, ஆனால் அவர்களுக்கும் சாகிறது என்றால் நோய் குஞ்சோடு வந்திருக்கிறது. மாறாக, வேறு இடத்தில் குஞ்சு வாங்கிய பக்கத்துக் குட்டைக்காரருக்கும், உங்கள் மடைக்குக் கீழே இருப்பவருக்கும் சாகிறது, ஆனால் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் குட்டையில் சாகவில்லை என்றால் நோய் கால்வாயில் வந்திருக்கிறது. பைசா செலவில்லாத இந்த விசாரணையைச் செய்யாமல் ஆய்வகத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கேயும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது, செவுளையும் தோலையும் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒட்டுண்ணி நிறைய இருந்தால் குஞ்சுகளைக் கொல்ல அதுவே போதும். மீன்வளத் துறை ஆட்களிடமோ கல்லூரியிலோ கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இது மூன்றும் தாண்டி, தண்ணீரும் சரியாக இருந்து, ஜிலேபி மட்டும் சாகிறது, கூடவே இருக்கிற கட்லாவுக்கு ஒன்றுமில்லை, மீன் கறுத்துச் செவுள் வெளிறி மந்தமாக நிற்கிறது என்றால் வைரஸ் சோதனைக்கு நேரம் வந்துவிட்டது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, திலேப்பியா ஏரி வைரஸ். இந்தியாவில் 2018-இல் இது பதிவானது. பாதித்த பண்ணையில் பத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை சாவு இருக்கலாம். தாய் மீனிலிருந்து குஞ்சுக்கும் போகக்கூடியது, அதனால்தான் குஞ்சுப் பண்ணையை விசாரிக்கச் சொல்கிறேன். இன்னொன்று, சீனாவில் முதலில் கண்டுபிடித்த திலேப்பியா பார்வோ வைரஸ். இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. "இந்தக் கையால சோறு திங்கலாமா அண்ணாச்சி" என்று பயந்து கேட்டவர்கள் உண்டு. தாராளமாகத் தின்னலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அதுவும் அடுத்த குட்டையில் கை வைக்கும் முன்.

மீன்வளத் துறை ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று நாள் தொடர்ந்து சாவு ஏறினால். நாலாவது நாள் வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கோய் கெண்டை தூங்குவது போல அடியில் படுத்துக் கிடக்கிறது

அழகு மீன் வளர்க்கிறவர்களுக்கு. தட்டினால் கொஞ்சம் நீந்தி மறுபடி பக்கவாட்டில் படுத்துக்கொண்டால் அது கெண்டை வீக்க வைரஸாக இருக்கலாம். ஜப்பானில் 1970-களில் முதலில் பார்த்தது, இந்தியாவிலும் கோய் மீனில் பதிவாகியிருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு சாவைக் குறைக்கும். புது மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்த பிறகே பழைய மீனோடு சேருங்கள்.

மாதிரி எடுப்பது: பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள்

பத்து மீன் வேண்டும். செத்தது வேண்டாம், தள்ளாடுவது வேண்டும். கூடவே நோயில்லாத குட்டையிலிருந்து ஐந்து நல்ல மீன். ஒப்பிட ஒன்றில்லாமல் எதையும் சொல்ல முடியாது.

முடிந்தால் உயிரோடு ஆக்ஸிஜன் பையில் கொண்டுபோங்கள், அதற்கு இணை கிடையாது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி சுமார் 50 கிலோமீட்டர்தான். வழியில் செத்துவிடும் நிலையில் இருந்தால் மீனைப் பாலித்தீன் பையில் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே கொண்டு சேருங்கள். வீட்டுப் பிரிட்ஜில் உறையவைத்து மறுவாரம் கொண்டுபோவது வேண்டாம். உறைந்தால் திசு கிழிந்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

தாமதமாகும் என்றால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றிலிருந்து பட்டாணி அளவுக்குத் துண்டு எடுத்து இரண்டு பாட்டிலில் பிரிக்க வேண்டும். 95 சதவீத ஆல்கஹாலில் ஒன்று, அது வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு. பத்து சதவீத ஃபார்மலினில் ஒன்று, அது திசுவை வெட்டிப் பார்ப்பதற்கு. துண்டைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டதை வைத்து பிசிஆர் கேட்காதீர்கள், சரியாக வராது. கைக்குப் போடும் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதில் போட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார், பாவம், அத்தனை உழைப்பும் வீண். சரியான ஆல்கஹாலை ஆய்வகத்திலேயே முன்கூட்டிக் கேட்டு வாங்கி வைக்கலாம். சீட்டை பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள் போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போகும். தேதி, குட்டை, மீன் வகை, குஞ்சு வாங்கிய நாள், தினசாவுக் கணக்கு எல்லாம் எழுத வேண்டும்.

நோயைப் பதிவு செய்ய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்று ஒரு செயலி 2023-இல் வந்திருக்கிறது. மீன் படத்தோடு அதிலேயே அனுப்பலாம். 2013 முதல் லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் ஒருங்கிணைக்கும் நீர்வாழ் உயிரி நோய்க் கண்காணிப்புத் திட்டத்தோடு சேர்ந்தது அது. பதிவு செய்தால் மீனை அழிக்கச் சொல்வார்களோ, பெயர் கெட்டுவிடுமோ என்று ஒளிக்கிறவர்கள் உண்டு. ஒளித்து வைத்த நோய் அடுத்த பிசானத்துக்குள் மடைக்குக் கீழே உள்ளவர் குட்டையில் இருக்கும். அவர் நமக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

ரிப்போர்ட்டில் நெகடிவ், ஆனால் சாவு நிற்கவில்லை

எந்தெந்த வைரஸுக்குப் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பிசிஆர் நாம் பெயர் சொல்லிக் கேட்கும் வைரஸை மட்டும்தான் தேடும். இரண்டுக்குப் பார்த்து இரண்டும் இல்லை என்றால் அந்த இரண்டும் இல்லை, அவ்வளவுதான். மாதிரி கெட்டிருந்தாலும் நெகடிவ் வரும். நோய் முற்றிய வாரத்தில் எடுக்காமல் அடங்கிய பிறகு எடுத்தாலும் வரும். அதனால் சாவு ஏறுகிற நாளில் மறுபடி ஒரு தடவை எடுங்கள்.

அப்படியும் இல்லை என்றால் விஷயம் நம் கையை விட்டுப் போகிறது. ஆய்வகத்தைக் கெஞ்சியாவது அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். அவர்கள் செய்வது இதுதான். நோயுற்ற உறுப்பை அரைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடிப்பார்கள். வடிந்த நீரை, சோதனைத் தட்டில் வளரும் மீன் செல்களில் விடுவார்கள். செல்கள் சுருங்கிச் செத்தால் ஏதோ ஒன்று உள்ளே பெருகுகிறது. அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், மரபணு வரிசையைப் படிப்பார்கள். கடைசியில் அதே வைரஸை நல்ல மீனுக்கு ஏற்றி, அதே நோய் வந்து, அந்த மீனிலிருந்து அதே வைரஸ் திரும்பக் கிடைத்தால்தான் அது காரணம். புண் நோய் விஷயத்தில் சறுக்கிய இடம் இதுதான்.

இதற்குப் பொறுமை வேண்டும். இஸ்ரேலில் கின்னரெட் ஏரியிலும் பண்ணைகளிலும் 2009 முதல் ஜிலேபி கொத்துக்கொத்தாகச் செத்தது. மேலே சொன்ன திலேப்பியா ஏரி வைரஸை அதிலிருந்து பிரித்துக் காட்டியது 2014-இல். அதே காலத்தில் ஈக்வடாரில் ஜிலேபியின் கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பல உட்கருவோடு இருப்பதைப் பார்த்து, அதற்கு வேறு நோய்ப்பெயர் வைத்திருந்தார்கள். பின்னால் பார்த்தால் இரண்டும் ஒரே வைரஸ். அதன் மரபணு பத்துத் துண்டாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு துண்டுதான் இன்ஃப்ளூயன்சா சி வைரஸை லேசாக ஒத்திருந்தது, மற்ற ஒன்பதும் அதுவரை தெரிந்த எதையும் ஒத்திருக்கவில்லை. தெரிந்தவற்றோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் சிக்கியிருக்காது. அந்த மாதிரிகளை யாரோ கெடாமல் எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கு நாம் அந்த வைரஸைப் பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது.

முடிவு வரும் வரை

மடையை அடையுங்கள். உள்ளே வருவதையும் சரி, வெளியே போவதையும் சரி. செத்த மீனைக் கால்வாயில் வீசாதீர்கள், கரையிலும் போடாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் தூக்கிக்கொண்டு அடுத்த குட்டையில் போட்டுவிடும். பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம் பக்கம் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வலையை இரவல் கொடுக்காதீர்கள். தப்பிய மீனைக் குஞ்சாக யாருக்கும் விற்காதீர்கள், அது நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு குட்டையை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும் வரை காயப்போட்டு, சுண்ணாம்பு போட்டுத் தண்ணீர் கட்டுங்கள். உடனே ஐயாயிரம் குஞ்சை இறக்க வேண்டாம். ஒரு வலைத்தொட்டி கட்டி அதில் ஐம்பது மட்டும் விடுங்கள். மூன்று வாரம் தினமும் எண்ணுங்கள். ஐம்பதும் தீனிக்கு ஓடி வந்தால் மீதியை வாங்கலாம்.